ஆதிக் கரையான்

எங்கள் அருங்காட்சியகத்தில் கரையான் அறையையும் கரப்பான் அறையையும் ஒன்றாக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். இதை இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு, கரையானைக் கரப்பானோடு சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்த ஆட்டம் ஆடினேன் என்று மாடிக்கு மாடி பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். கரையான் என்பது கூட்டுக் குடித்தனம் பழகிய கரப்பான்தான் என்று அந்தக் கட்டடத்தில் முதன்முதலில் தொண்டை கிழியக் கத்தியவளே நான்.

பார்க்க வருகிறவர்கள் கரையானை எறும்பு என்றே நினைத்துக்கொண்டு வருவார்கள். ராணி இருக்கிறது, வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், காவலுக்கு ஆள் இருக்கிறது, அப்புறம் எறும்பில்லாமல் என்ன என்பார்கள். எறும்பு குளவியின் சொந்தம். கரையானுக்கு அந்தப் பக்கம் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. மக்கிய மரத்துக்குள் குடும்பமாக வாழும் ஒரு வகைக் கரப்பான் இருக்கிறது. மரத்தைத் தின்னும், ஆனால் அதைத் தானே செரிக்கத் தெரியாது. வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரித்துக் கொடுக்கும். அந்த நுண்ணுயிர்கள் குஞ்சுக்குப் பிறவியில் வருவதில்லை. தாயின் பின்பக்கத்திலிருந்து கசிவதைக் குஞ்சு குடித்தால்தான் உண்டு. கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். பல கரையான்களும் இதையேதான் செய்கின்றன. சேர்ந்து வாழ்ந்தால்தான் சோறு என்று ஆனபிறகு எந்தப் பிள்ளை வீட்டைவிட்டுப் போகும்? கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போகாமல் தங்கிவிட்ட கரப்பான்கள்தான் கரையான்கள் என்று நான் சொல்லி முடிக்கும்போது ஒரு சிலராவது கை தட்டுவார்கள்.

கரப்பான் அறை அவளுடையது. கல்லூரியில் என் பெஞ்சுத் தோழி. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அப்புறம் தன் அண்ணனை எனக்குக் கட்டிவைத்து நாத்தனாரும் ஆனாள். கட்டடத்தில் எங்களுக்குப் பெயரே கரப்பு, கரையான் என்றுதான். வாயில் காவலர்கூட, "கரையான் மேடம் வந்தாச்சு, கரப்பு மேடம் இன்னும் வரல" என்பார். எங்களுக்குள் எப்போதும் வாடி போடிதான். ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் அவள் வாயில் 'அண்ணி' வரும். அந்தச் சொல்லைக் கேட்டதும், "சொல்லுடி, என்ன வேணும்?" என்று நானும் கேட்டுவிடுவேன்.

அவளுடைய கரப்பான்கள் ஊசி குத்தப்பட்டு மரத் தட்டுகளில் வரிசையாகப் படுத்திருக்கும். என் கரையான்களுக்கு ஊசி தாங்காது, அத்தனை மென்மையான உடம்பு. சுண்டுவிரல் அளவுக் குப்பியில் ஆல்கஹால் ஊற்றி, உள்ளே போட்டு, வாயில் பஞ்சை அடைப்போம். அப்படிப் பத்துப் பதினைந்து குப்பிகளை ஒரு பெரிய ஜாடிக்குள் கவிழ்த்து, ஜாடியிலும் ஆல்கஹால் நிரப்புவோம். அதனால் வருஷா வருஷம் ஜாடியில் குறைந்ததை ஊற்றினால் போதும், குப்பியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சீட்டு கிடக்கும். எந்த ஊர், எந்த நாள், என்ன இனம், பார்த்துச் சொன்னது யார் என்று பென்சிலில் எழுதியிருப்போம். மை என்றால் கரைந்துவிடும். பின்னால் வேறொருவர் பார்த்து, இது அந்த இனம் இல்லை என்று நினைத்தால் பழைய சீட்டை எடுக்கக் கூடாது. தன் சீட்டை எழுதி, தேதி போட்டு, அதன் கூடவே போட்டுவிட வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்திய குப்பிகளில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்ன நாலு சீட்டுகளும் சண்டை போடாமல் மிதப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சுற்றறிக்கையில் ஒரு வரிதான் இடித்தது. அறை ஒன்றானால் பொறுப்பாளரும் ஒருவர்தான். மற்றவர் ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்குப் போக வேண்டும். கிடங்கில் ஜன்னல் இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை. உடைந்த பெட்டிகளுக்கு எண் ஒட்டுவதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக நான் சேர்த்த குப்பிகள் பதினோராயிரம், அவற்றின் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 

அவளோ சிரித்தாள். "நமக்குள்ள என்னடி போட்டி? யாருக்குக் கெடச்சாலும் இன்னொருத்தி கிடங்குக்குப் போகாம பாத்துப்போம்" என்றாள். நானும் நம்பினேன். கையில் அடித்துச் சத்தியம் வாங்கவில்லையே தவிர, மற்றபடி முழுசாக நம்பினேன்.

இந்த இடத்தில் என் ஆதிக் கரையானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான மறுவருஷம், மலைக்காட்டில் மக்கிய மரத்துண்டு ஒன்றைப் பிளந்தபோது எனக்கு மூன்று பூச்சிகள் கிடைத்தன. வெள்ளை வெளேரென்று இருந்தன, கண் இல்லை, அரிசியில் பாதி அளவு. அதே மரத்தில் ஒரு கையகலம் தள்ளிச் சாதாரணக் கரையான்களும் இருந்தன. இந்த மூன்றும் மட்டும் வித்தியாசமாக இருந்தன. கழுத்துத் தகடு தலைக்கு மேல் குடைபோல நீண்டிருந்தது. காலில் முள் அதிகம். பின்னால் இருக்கும் வால் உணரிகளில் கணுக்கள் அதிகம். கரப்பானிலிருந்து கரையான் பிரிந்த காலத்தின் மிச்சம் இதுதான், இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் எனக்காகவே காத்திருந்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. புது இனம் என்று எழுதி அச்சேற்றினேன். பெயர் யாருடையது வைப்பது என்று யோசிக்கவே இல்லை. அண்ணனைக் கொடுத்தவளுக்குப் பதிலுக்கு ஒரு கரையானாவது கொடுக்க வேண்டாமா? அவள் பெயரையே வைத்தேன். அன்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த மூன்றையும் போட்ட குப்பிக்குச் சிவப்புச் சீட்டு. முதன்முதலில் எந்த உடம்பைப் பார்த்து ஒரு இனத்துக்குப் பெயர் வைத்தோமோ, அந்த உடம்புக்கு மட்டும் சிவப்பு. அதற்குத் தனி இரும்பு அலமாரி, இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம். வேறு யாரிடம் கொடுப்பேன்?

பொறுப்பாளரைத் தீர்மானிக்கும் நாள் வந்தது. மூன்று மணிக்கு இயக்குநர் அறையில் கூட்டம். இயக்குநர் மீன் படித்தவர். எங்களுக்கு அவர் மீன்காரர். காலையில் அவரிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே அன்றைய தேதிக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு வெளிவந்த ஒரு கட்டுரை. எழுதியவள் என் நாத்தனார். என் ஆதிக் கரையான் கரையானே இல்லை, மரம் தின்னும் கரப்பானின் புதிதாய்ப் பிறந்த குஞ்சு என்று ஆறு பக்கத்தில் எழுதியிருந்தாள். மரபணுச் சோதனைக்கு ஒரு கால் பயன்பட்டதாகவும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. உயிரோடு இருக்கிறவர் வைத்த பெயரை அடிப்பதற்கு முன் அவருக்கு ஒரு வரி எழுதுவோம். கடல் தாண்டி இருப்பவருக்குக்கூட எழுதுவோம். இவள் என் நாற்காலியிலிருந்து பதினாலு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மத்தியானம் என் டப்பாவிலிருந்து பொரியலை எடுத்துத் தின்றாள்.

அலமாரியைத் திறந்து ஜாடியை எடுத்தேன். குப்பியை வெளியே எடுத்துப் பஞ்சை உருவி, மூன்றையும் தட்டில் கொட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒன்றுக்குப் பின்கால் இல்லை, கத்தரிக்கோலால் சுத்தமாக வெட்டியிருந்தது. மற்றதெல்லாம் பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் வரைந்தபடியே இருந்தது. குடைபோன்ற கழுத்துத் தகடு, முள், கணு. பார்க்கப் பார்க்க என் முகம் எரிந்தது. கரப்பானின் அடையாளம் ஒவ்வொன்றையும் நானே ஒன்றுவிடாமல் எண்ணி எழுதி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'ஆதி' என்று முத்திரை குத்தியிருந்தேன். காவல் கரையான் ஏன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று அப்போது ஒரு பாராவுக்குச் சமாதானம் வேறு எழுதியிருந்தேன். கரப்பானுக்கும் கரையானுக்கும் நடுவே பாலம் தேடிப் போனவளுக்குப் படிக்கட்டெல்லாம் பாலமாகத் தெரிந்திருக்கிறது. அவள் சொன்னது சரிதான். அது கரப்பான் குஞ்சுதான்.

அது வலித்தது, ஆனால் அது வேறு வலி. தப்பு பண்ணாமல் இந்தத் தொழிலில் யார் இருக்கிறார்கள்? நூற்றுக்கணக்கான தப்புகளை நான் திருத்தியிருக்கிறேன், என்னுடையதை யாராவது திருத்தட்டும். குஞ்சுகளைத் திரும்பக் குப்பியில் போடும்போதுதான் என் சீட்டின் முதுகில் இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஊசியால் பிரித்தேன். கோழி கிளறியது போன்ற அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'கரையான் அல்ல. மரக் கரப்பான், முதல் பருவக் குஞ்சு' என்று எழுதிக் கீழே தேதி போட்டிருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முந்திய தேதி.

பதினோரு வருஷம். நான் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த அலமாரியைக் காட்டிப் பெருமை பேசும்போதெல்லாம் இவள் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள். வரவேற்புக் கூடத்தில் என் கரையானின் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டவளே இவள்தான். மனதுக்குள் எவ்வளவு சிரித்திருப்பாள்! சிரிக்கவில்லை, ஓரமாக எடுத்து வைத்திருந்தாள். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. ஜாடியை மூடி, இடுப்பில் அணைத்துக்கொண்டு மூன்று மணிக்கு மாடியேறினேன்.

மீன்காரர் நல்ல மனிதர், சண்டை என்றால் நெளிவார். அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். ஜாடியைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் வெளுத்தது.

"இந்தத் திருத்தத்தை நீங்க ஏத்துக்கறீங்களா மேடம்?" என்று மீன்காரர் கேட்டார்.

"ஏத்துக்கறேன் சார். இப்பதான் பாத்துட்டு வரேன். அது கரப்பான் குஞ்சுதான். தப்பு என்னோடது."

அவர் மூச்சு விட்டார். "ரெண்டு பேருக்குமே பெரிய மனசு. முக்கியமா இவங்களுக்கு. தன் பேர்ல இருந்த இனத்தையே வேணாம்னு அடிச்சு எழுத எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்க? இந்த நேர்மைதான் ஒரு பொறுப்பாளருக்கு வேணும்."

அவள் அடக்கமாகக் குனிந்துகொண்டாள். நான் ஆசையாகக் கொடுத்த பெயர், அதைக் குப்பையில் போட்டதற்கு அவளுக்கு மாலை. என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அந்த மனசு எத்தனை வருஷம் கழிச்சு வந்ததுன்னு கேளுங்க சார்" என்று ஜாடியை மேஜைமேல் தள்ளினேன். "குப்பிக்குள்ள அவ போட்ட சீட்டு இருக்கு. தேதியைப் படிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இரண்டாவது தரமும் படித்தார்.

"நான் மறைக்கலியே" என்றாள் அவள். குரல் சின்னதாகத்தான் வந்தது. "பாத்த அன்னிக்கே சீட்டு போட்டேன். நம்ம விதி அதுதானே? எவ வேணும்னாலும் திறந்து பாத்திருக்கலாம்."

"எவளோ எதுக்குடி? நான் தினமும் உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன். உனக்கு வாய் இல்லையா?"

"நீயே என்னிக்காவது திறந்து பாப்பேன்னு இருந்தேன்."

மீன்காரர் ஏதோ ஞாபகம் வந்தவர் போல அலமாரிப் பக்கம் போய் ஒரு பதிவேட்டை எடுத்து வந்தார். அது எனக்குத் தெரிந்த பதிவேடுதான். சிவப்புச் சீட்டுக் குப்பிகளை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் மற்றக் குப்பிகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். இதை மட்டும் திறந்ததில்லை. பஞ்சை எடுத்தால் கெட்டுப்போகுமோ என்று பயம். கோயில் நடை மாதிரி வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். கையெழுத்து மட்டும் போட்டேன்.

"'திறந்து பார்த்தேன், சரியாக உள்ளது.' மூணு தரம் எழுதியிருக்கீங்க. இதுல ரெண்டு, இந்தச் சீட்டு போட்ட பிறகு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "விதிப்படி பாத்தா அவங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க மேடம். நீங்கதான் பாக்கலை."

என் வாயாலேயே என் குட்டை உடைத்துக்கொண்டேன். விதி அவள் பக்கம், பதிவேடு அவள் பக்கம். பத்து நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. கரப்பான், கரையான் இரண்டுக்கும் அவள் பொறுப்பாளர். நான் ஒன்றாம் தேதியிலிருந்து கிடங்குக்கு. கிடங்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவள் மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் நடையில் என் பின்னால் ஓடி வந்தாள். "அண்ணி, ஒரு நிமிஷம்."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லு, இன்னும் என்ன வேணும்? சாவியா? இந்தா." வளையத்திலிருந்து கழற்றி அவள் கையில் வைத்தேன்.

"அன்னிக்கு நான் சொல்லணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். நீ இல்ல, கடைக்குப் போயிருந்தே. அண்ணன்தான் இருந்தாரு. அவர்தான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. வேணும்னா கேட்டுப் பாரு."

இறங்கி நடந்தேன். பேருந்தில் நிற்கும்போது, அவள் பொய் சொல்கிறாள், தன் கையைக் கழுவ அண்ணனை இழுக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் பொய் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் ஒரு வீடு மிச்சம்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அன்று கடைக்கு விடுமுறை. வெயில் சாயும் நேரம், காய்ந்த துணிகளைக் கட்டில்மேல் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உங்க தங்கச்சி ஏதோ சொல்ல வந்தாளாமே?"

அவர் என்னவென்று கேட்கவில்லை. ஒரு சட்டையை உதறி, கையை உள்பக்கம் மடித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சொன்னா" என்றார். "நீ அந்தப் பெரிய மாநாட்டுக்குக் கெளம்பிட்டிருந்தே. போயிட்டு வரட்டும், இப்ப சொல்லாதேன்னேன்."

"முன்னூறு பேருக்கு முன்னாடி ஒரு கரப்பான் குஞ்சைக் காட்டி நான் பேசினேன். நீங்க முதல் வரிசையில உக்காந்து கை தட்டினீங்க."

"அதைப் போய் எப்படிச் சொல்றது?"

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே."

"வந்தப்புறம் நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே. அதுக்கப்புறம் நாள் போயிடுச்சு." அவர் மடித்த சட்டையை அடுக்கில் வைத்து நேராக்கினார். "ஒரு பூச்சிதானே. அதனால யாருக்கு என்ன நஷ்டம்னு விட்டுட்டேன்."

"இந்தக் கட்டுரை எழுதறதும் உங்களுக்குத் தெரியுமா?"

அவர் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டா. உன்கிட்டயும் சொல்லிடுவான்னுதான் நெனச்சேன்" என்றார்.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கோபம்கூட வரவில்லை. உடம்பில் இருந்த எலும்பையெல்லாம் யாரோ உருவியது போல இருந்தது. இந்த மனிதரிடம்தான் என் மூன்று பூச்சிகளைப் பற்றி நான் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு குழந்தைக்குப் பொம்மை கொடுப்பதுபோல அந்தக் குப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, வேண்டிய நாளில் பிடுங்கிக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணாம் தேதியிலேருந்து கிடங்கு" என்றேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளைத் தொட்டார். நிஜமாகவே சமாதானப்படுத்தத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "விடும்மா. வெளியாளுக்கா போச்சு? நம்ம குடும்பத்துக்குள்ளதானே இருக்கு."

எது எந்தக் குடும்பம், எது யாரோடு சேர்த்தி என்று பிரிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சோறு போட்ட வேலை. தோளிலிருந்த அவர் கையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நம்ம குடும்பம்னா யார் யாருங்க?"

"இதென்ன கேள்வி? நான், அவ..." என்று வேகமாக ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு, "நீயும்தான்" என்றார்.